வாயிலும் வாங்கும்

விருந்து என்னுஞ் சொல்லை இன்று நாம் உணவோடு சேர்த்தே நினைக்கின்றோம். ஆனால், தொல்காப்பியச் செய்யுளியல் எடுத்துரைக்கும் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாக இச்சொல் வருமிடத்து, அது புதுமை என்னும் பொருளையே தருகின்றது. புதுமையைச் சுட்டிய சொல் புதிதாக வந்தவரைச் சுட்டலாயிற்று. வந்தவருக்கு இட்ட சோற்றுக்கும் அதுவே பெயராயிற்று. இலக்கண வகுப்பில் இதனைக் கேட்ட நாளிலிருந்து, ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் புதிதாக வந்து சேர்பவர் அங்கே என்ன ஆகின்றார் என்ற வினா என்னை விட்டு அகலவில்லை. அவர் புதுமையாகின்றாரா, சோறு பெறுபவராகின்றாரா? என் குடும்பத்தவர் இவ்விரு நிலைகளையும் கண்டவர்கள். ஆதலின் இக்கட்டுரைக்கு வேண்டிய அறிவிற் பெரும்பகுதி நூல்நிலையத்திலன்றிக் கோயில் வாங்கிற் பெறப்பட்டதாகும்.

விருந்தோம்பலில் நாம் பிறர்க்குக் குறைந்தவரல்லர். வள்ளுவர் அதற்கென ஓரதிகாரமே வகுத்து, விருந்தினரின் மனம் அனிச்ச மலரிலும் மென்மையானது என்று எச்சரித்துச் சென்றார். எனினும், விருந்தினர் எனப்படுபவர் போய்விடுபவர். போகப்போகின்றவர் என்பதனாலேயே அவருக்கு முன்வரிசை கொடுப்பதும் மாலையிடுவதும் இலகுவாகின்றன. போகாமல் தங்கிவிடப் போகின்றவரை என்ன செய்வது?

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ற் முனிவர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அதன் ஐம்பத்துமூன்றாம் அதிகாரம், மடத்துக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவை ஏற்பதுபோலவே ஏற்கவேண்டும் என்கின்றது. மடத்தலைவரே அவர்களின் கைகளுக்கு நீர் வார்க்கவேண்டும். துறவியர் எல்லாரும் சேர்ந்து கால்களைக் கழுவவேண்டும். ஐந்து அதிகாரங்கள் கடந்தால், மடத்திலேயே சேர்ந்து வாழ வருபவனைப் பற்றிய விதி வருகின்றது. அவனுக்கு எளிதில் நுழைவு கொடுக்கலாகாது. நான்கைந்து நாட்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கட்டும் என்பது அவ்விதி. பெனடிக்ற் இதனை அறிந்தே விதித்தார். வருபவனின் உறுதியைச் சோதிப்பது அவர் நோக்கம். நம் சபைகளோ இதே விதியை எங்கும் எழுதிவைக்காமலே கைக்கொள்கின்றன. நாட்கள்தாம் நான்கைந்து அல்ல.

2009இல், எனக்கு ஆறு வயதாயிருந்தபோது, முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்த எங்கள் ஊரை விட்டு வெளியேறினோம். அதனைப் பற்றி எழுத இது இடமன்று. செட்டிகுளத்து முகாமிலிருந்து விடுபட்டபின், 2010இல், வடபகுதி நகரொன்றில் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரியின் வளவிற் கொட்டிலொன்று போட்டுக் குடியிருந்தோம். அந்நகரின் பங்குக் கோயில் எங்களை அன்போடு ஏற்றது. இதனை முதலிற் சொல்லிவிடவேண்டும். வந்த முதற் கிழமையே பங்குத்தந்தை எங்களைத் தேடி வந்தார். அரிசியும் பாயும் நுளம்பு வலையும், எனக்குப் பாடசாலைச் சப்பாத்தும் கிடைத்தன. சப்பாத்து அளவிற் பெரிது. அதனால் இரண்டு ஆண்டுகள் பயன்பட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிவில், எங்களைப் போல் வந்திருந்த குடும்பங்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொன்னார்கள். சபையோர் கைதட்டினர். அப்பா நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

நிவாரணப் பட்டியலில் எங்கள் பெயர் ஏறிய வேகத்தில் பங்கின் குடும்பப் பதிவேட்டில் ஏறவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. எவரும் மறுத்தாரில்லை. “நீங்கள் திரும்பிப் போற ஆக்கள்தானே” என்று அவர்கள் நம்பினர். சில நாட்களில் நாங்களும் அவ்வாறே நம்பினோம். அக்கோயிலின் திருவிழாவுக்கு முந்திய நவநாட்கள் ஒன்பதும் ஒன்பது வட்டாரத்தாருக்கு உரியவை. நாங்கள் இருந்த வளவும் ஒரு வட்டாரத்தினுள்ளேதான் இருந்தது. ஆயினும் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வரும் பெரியவர் எங்கள் படலையில் நில்லாமற் கடந்து போவார். கஷ்டப்படும் சனத்திடம் கேட்பது பாவம் என்பது அவர் எண்ணம். அம்மா ஒவ்வோராண்டும் ஐம்பது ரூபாவைக் கடித உறையொன்றிலிட்டு ஆயத்தமாக வைத்திருப்பார். பெரியவர் அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கும் ஓசை கேட்டபின் உறையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அப்பெரியவரை நான் இன்றும் குறைகூற மாட்டேன், அவர் நல்லவர். நல்லவர்களின் இரக்கம் ஒருவரை எத்தனை ஆண்டுகளுக்கு வெளியே நிறுத்தி வைக்கக்கூடும் என்பதை அந்த உறை எனக்குக் கற்றுத் தந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புதியவருக்கு ஏதாவது வேலையைக் கொடுங்கள், அவர் தாமாகவே நம்மவராகிவிடுவார் என்று கூறுவோர் உளர். அம்மாவுக்கு முதலாண்டிலேயே வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளிற் கோயில் கூட்டும் முறையிற் பெண்கள் பற்றாக்குறை, அம்மாவை அழைத்தார்கள். பெரிய வெள்ளிக்கு முன் குத்துவிளக்குகள் மினுக்குவதும் எங்களைப் போல் வந்த பெண்களின் பொறுப்பாயிற்று. ஆனால் வாசகம் வாசிக்கவோ, காணிக்கைப் பொருட்களைப் பீடத்துக்கு எடுத்துச் செல்லவோ அவர்களுட் பல ஆண்டுகளாக எவரும் அழைக்கப்படவில்லை. மதிப்பில்லாத வேலை புதியவரை உடனே தேடி வரும். மதிப்புள்ள வேலையைத் தேடிப் புதியவர் நெடுங்காலம் காத்திருக்கவேண்டும். அம்மாவிடம் ஒருமுறை இதனைச் சொன்னபோது, “கூட்டுமாறு பிடிச்ச கைக்குத்தான் கோயிலின்ரை மூலை முடுக்கெல்லாம் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்னை விடப் பெருந்தன்மை உடையவர்.

அப்பாவின் கதை வேறு. அவர் எங்கள் ஊரிலே தவக்காலந்தோறும் வியாகுலப் பிரசங்கம் வாசித்தவர். இயேசுவின் பாடுகளைக் கூறும் அவ்வுரைநடை நூலை ஏனைய நூல்களைப் போல வாசிப்பதில்லை. ஒப்பாரியின் சாயலோடு, வாக்கியத்தை நீட்டி, முடிவிலே குரலைத் தழைத்து, ஓர் இராகத்திலே வாசிப்பது மரபு. கேட்போர் கண்கலங்கவேண்டும், கலங்காவிட்டால் வாசித்தவருக்குக் குறை. புதிய பங்கிலே இவ்வாசிப்பு ஒரு முதியவரின் உரிமையாயிருந்தது. அவருடைய தந்தையாரும் அங்கே வாசித்தவராம். அப்பா ஆறு தவக்காலங்கள் கடைசி வாங்கிலிருந்து அதனைக் கேட்டார்.

2016ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் முதியவருக்குத் தொண்டை அடைத்துக் குரல் போய்விட்டது. பூசை முடிந்து எல்லாரும் என்ன செய்வதென்று பேசிக்கொண்டு நிற்கையில், எங்கள் வாங்கிலே வழக்கமாக இருக்கும் பெத்தாச்சி ஒருவர் அப்பாவிடம் வந்தார். “தம்பி, நீர் வாய்க்குள்ளை முணுமுணுக்கிறதை நான் ஆறு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன். உமக்கு இது பாடந்தானே?” என்றார். அப்பா ஓமென்று தலையசைத்தார். பெத்தாச்சி அவருடைய கையைப் பிடித்து, நின்றவர்களிடம் கூட்டிச் சென்றார்.

அன்று மாலை அப்பா வாசித்தார். சபையார் எல்லாரும் உருகி எங்களை அணைத்துக்கொண்டனர் என்று எழுத எனக்கும் விருப்பந்தான். நடந்தது அதுவன்று. இராகம் வேறாயிருந்தது. எங்கள் ஊர் இராகம் இன்னும் மெதுவானது. கரைவலை இழுப்போரின் நீட்டல் அதிலே கலந்திருப்பதாக அப்பா சொல்வார். “இது எங்கடை இராகமில்லை” என்று சிலர் வெளிப்படையாகவே கூறினர். அடுத்த வெள்ளி வேறொருவரைக் கொண்டு வாசிப்பிக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆறு ஆண்டுகளாக எங்களோடு எவரும் முரண்பட்டதில்லை. முரண்பட எதுவும் இருக்கவில்லை. முதன்முறையாக அவ்வாரம் எங்களைப் பற்றிக் கோயில் முற்றத்திலே வாக்குவாதம் நடந்தது. அப்பா மனம் வருந்தினார். எனக்கோ, இன்று எண்ணிப் பார்க்கும்போது, நாங்கள் அப்பங்கின் உறுப்பினரானது அந்த வாக்குவாதத்திலேதான் என்று தோன்றுகின்றது. பெரிய வெள்ளியன்று, கழுத்திலே சால்வையைச் சுற்றிக்கொண்டு முதியவர் வந்து முன்வாங்கிலிருந்து கேட்டார். முடிவில் அவர் கூறிய தீர்ப்பு இது: “இழுவை கூடிப்போச்சு. ஆனால் அழுகை வருது.” மறு ஆண்டு முதல் இருவரும் மாறி மாறி வாசித்தனர். திருவிழாக் காசு சேர்க்கும் பெரியவரும் எங்கள் படலையிலே நின்றார்.

எங்கடை இராகம் என்று வாதிட்டோர் நினைத்துப் பாராத ஒன்றுண்டு. வியாகுலப் பிரசங்கத்தை ஆக்கிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் எவ்விடத்தவர்? கோவாவிற் பிறந்து கொங்கணி பேசி வளர்ந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றி, 1742இல் இங்கேயே மறைந்தவர். ஈழத்துக் கத்தோலிக்கர் மூன்று நூற்றாண்டுகளாக அழுதுவரும் அழுகையின் சொற்கள் புதிதாக வந்த ஒருவர் தந்தவை. அவருக்கு முன் வந்த யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாறு இன்னும் வியப்பானது. கத்தோலிக்க சமயத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த அவர், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகின்றது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். இங்கே சபை புதியவரைத் தேடவில்லை; புதியவரே சபையைத் தேடிக் கண்டுபிடித்தார். பின்னர் 1692இற் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். அதே கண்டியில் 1697இல் வைசூரி பரவியபோது நோயாளரைப் பராமரித்தவரும் அவரே. 2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, எங்கள் பங்கிலும் மணியடித்து வெடி கொளுத்தினர். அன்றும் எங்களுக்கு நவநாளில்லை.

எவ்விடம் என்ற வினாவை மேலே வேண்டுமென்றே கையாண்டேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் “எவடம்?” என்பதும் “ஆரின்ரை பிள்ளை?” என்பதும் நலம் விசாரிக்கும் வினாக்கள் போலவே ஒலிக்கும். ஊரின் பெயரும் குறிச்சியின் பெயரும் தெரிந்தால், கேட்காமலே வேறொன்றும் தெரிந்துவிடும் என்பதை இதனைப் படிப்போர் அறிவர். கோயில் வாயிலில் புதியவரிடம் முதலிற் கேட்கப்படும் வினா பெரும்பாலும் இதுவே. இது புதிய நோயன்று. யாக்கோபு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், பொன் மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தையணிந்து வந்தவனுக்குக் கால்மாட்டில் இடமும் காட்டிய ஒரு சபையைக் கண்டிக்கின்றது. ஆக, கிறிஸ்தவச் சபைகள் தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே இருக்கைப் பிரச்சினையும் தோன்றிவிட்டது. 1920களின் இறுதியில் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பை வரலாற்று மாணவர் அறிவர். வாங்கு என்ற சொல்லைப் போர்த்துக்கேயரிடம் பெற்றோம். அதிலே யார் இருக்கலாம் என்பதை மட்டும் நாமே தீர்மானித்துக்கொண்டோம்.

இவ்வளவும் எழுதியபின், வாயிலைப் பற்றிப் பேசாமல் விடுதல் நேர்மையாகாது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் புதியவராகத் தோன்றியோர் எதனோடு வந்தனர் என்பதை நாம் மறக்கமுடியாது. மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில், பையோடு வந்த அந்நியனை வாசலில் மறித்து விசாரித்து வெளியே அனுப்ப முயன்றவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அவர் மறித்திராவிட்டால் உள்ளே இன்னும் பலர் மாண்டிருப்பர். அந்நியரை அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இதன்பின் எளிதாகப் பிரசங்கம் செய்ய எவராலும் இயலாது. கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது வாயில்களிற் பைகளைச் சோதித்தனர். தெரிந்த முகம் உள்ளே சென்றது. தெரியாத முகம் நின்றது.

எங்கள் பங்கிலே அப்பணிக்குத் தொண்டர்கள் கேட்கப்பட்டனர். அப்பா பெயர் கொடுத்தார். முகாம் வாயிலில் எத்தனையோ முறை பை திறந்து காட்டியவர் அவர். ஆதலால், அவர் இவ்வேலையை விரும்பமாட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். இரண்டு ஞாயிறுகள் அவரைக் கவனித்தேன். எல்லாருடைய பையையும் பார்த்தார். முன்வாங்குக்காரரின் கைப்பையையும் விடவில்லை. இதனால் ஓரிருவர் கோபித்தனர். தெரியாதவராயின், “எவடம்?” என்று கேட்பதில்லை. “பூசைக்கோ? வாங்கோ, இந்தப் பக்கம் விசிறி இருக்கு” என்பார். பையைப் பார்த்து முடித்ததும் மூடி, தானே வாங்குவரை எடுத்துச் சென்று கொடுப்பார். சோதனை சோதனையாகவே நடந்தது. ஆனால் அதற்குப் பின் நடந்த அந்த இருபது அடி நடையினால், வந்தவர் சந்தேகத்துக்குரியவர் என்ற நிலையிலிருந்து இருக்கை காட்டப்பட்டவர் என்ற நிலைக்கு மாறினார்.

திருச்சபையின் பழைய ஒழுங்கிலே வாயில் காப்போன் என்பது குருத்துவத்தை நோக்கிச் செல்வோர் பெறும் சிறு பட்டங்களுள் முதலாவதாயிருந்தது. பாப்பரசர் ஆறாம் பவுல் 1972இல் அதனை நீக்கினார். வளர்ந்தோரைப் படிப்படியாகச் சபைக்குள் ஏற்கும் பண்டைய முறை புதுப்பிக்கப்பட்டதும் அதே 1972இல்தான். அம்முறைப்படி புதியவர் ஒவ்வொருவருக்கும் சபையிலிருந்து ஒருவர் துணையாக நிற்கவேண்டும். கூட்டத்துக்கு வரவேற்புக் கூறுவதிலும் ஒருவருக்கு ஒருவரை ஒப்படைப்பது சிறந்தது என்பதை இதனை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். பெனடிக்ற் முனிவரும் மடத்து வாயிலுக்கு அறிவு முதிர்ந்த முதியவர் ஒருவரையே நியமிக்கச் சொன்னார். விடை கேட்கவும் விடை சொல்லவும் தெரிந்தவராய், அலைந்து திரியாத வயதினராய் அவர் இருக்கவேண்டுமாம். நம் பங்குகளிலோ வாயிலிலே நிற்பவர் பெரும்பாலும் காணிக்கைத் தட்டோடு நிற்கின்றார்.

இனி நமது வளாகத்துக்கு வருவோம். புதியவரை ஏற்கும் முறைக்குப் பல்கலைக்கழகத்தில் வழங்கும் பெயர் யாவரும் அறிந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியபோதும், அது நம்மை விட்டுப் போய்விட்டது என்று சொல்பவர் எவருமிலர். அதற்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு என வினவலாம். நான் முதலாம் வருடத்தில் இருந்தபோது, ஞாயிறு தமிழ்ப் பூசைக்குச் செல்லும் புதியவர் அனைவரும் கடைசி இரு வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தோம். முன் வாங்குகள் வெறுமையாயிருந்தன. சமாதானம் கூறும் வேளையில் முன்னாலிருந்த மூத்த மாணவர் ஒருவர் திரும்பி எங்களை நோக்கிக் கைகூப்பினார். முதல் நாள் இரவு எங்களுட் சிலரை முழங்காலில் நிற்கவைத்தவர் அவர். நிமிர்ந்து பார்க்கலாமா, பார்க்கக்கூடாதா என்று தெரியாமல், என் பக்கத்திலிருந்த மாணவன் தலையைக் குனிந்தபடியே கைகூப்பினான். அக்காட்சியை நம்மிற் பலர் வேறு வேறு கோயில்களிற் கண்டிருப்பர், பேசியவர் குறைவு.

கடந்த ஆண்டு, புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர் கேட்கும் வழக்கத்தை நாங்கள் சிலர் சேர்ந்து நிறுத்தினோம். கைதட்டலையும் நிறுத்தினோம். பதிலாக, பாடகர் குழுவிலே முதலாம் வருடத்தவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் வழங்கும் நற்கருணைப் பாடலொன்றைக் கற்பிக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். மூத்தவர்கள் கற்கவேண்டும். இது எல்லாருக்கும் பிடித்ததென்று சொல்லமுடியாது. மன்னார், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலைநாடு என ஒரே பாடலுக்கு நான்கு மெட்டுக்கள் இருந்தன; பயிற்சி நேரம் இரட்டிப்பாயிற்று. இரண்டு பேர் குழுவை விட்டு விலகினர். ஆர்மோனியம் வாசிப்பவர் இன்றுவரை முறைப்படுகின்றார்.

ஒரு சனிக்கிழமை மாலை, ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி தம் பாடலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இறுதியாண்டு மாணவர் ஒருவர், குழுவில் மிகச் சிறந்த குரலுடையவர், அதனைத் தமக்குத் தெரிந்த மெட்டில் உயர்த்திப் பாடினார். “இல்லைங்க அண்ணா, அந்த எடத்தில எறங்கணும்” என்றார் மாணவி. எல்லாரும் பேசாதிருந்தோம். அவர் தாளை மறுபடியும் கையில் எடுத்தார். எந்த இடம் என்று கேட்டார். மாணவி விரலால் சுட்டிக் காட்டினார். அவர் முதலடியிலிருந்து பாடத் தொடங்கினார்.